முதிர்வயதில் உறுதியான கால்கள்



இந்த இதழின் சுகாதாரப் பாடத்தில் அறுபது வயதைக் கடந்தவர்களுக்கான உடற்பயிற்சியைப் பற்றிப் படிக்கப் போகிறோம். "இந்த வயதில் எங்களுக்குப் பயிற்சியா?" என்று சிலர் சிரிக்கக்கூடும். வேறு சிலர், "பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், எங்களை விட்டுவிடுங்கள்" என்பார்கள். ஆனால் எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு வரும் முதியோர் அதிகமாகப் பயப்படுவது சாவுக்கு அல்ல. ஒருவர் கையைப் பிடித்துத்தான் கக்கூசுக்குப் போக வேண்டும் என்ற நிலைக்கே பயப்படுகிறார்கள். அந்த நிலையைத் தள்ளிப்போடுவதில் மாத்திரையைப் போலவே கால்களின் பலத்துக்கும் பெரிய பங்கு உண்டு. ஆகவே இந்தப் பாடத்தைப் பொறுமையுடன் வாசியுங்கள். வீட்டில் தாத்தாவோ ஆச்சியோ இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

களக்காட்டில் நடந்தது

நம் திருநெல்வேலிச் சீமையில் அநேகர் அறிந்த ஒரு சம்பவத்திலிருந்து தொடங்குவோம். டோனாவூர் ஐக்கியத்தை நிறுவிய ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1867 டிசம்பரில் அயர்லாந்தில் பிறந்தவர். நம் ஜில்லாவில் நடந்தும் மாட்டு வண்டியிலும் கிராமம் கிராமமாகச் சென்று ஊழியம் செய்தவர். 1931 அக்டோபர் 24 ஆம் தேதி அவர் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்வையிடச் சென்றிருந்தார். பொழுது சாயும் நேரம். அங்கே தோண்டப்பட்டிருந்த குழி அவர் கண்ணில் படவில்லை, அதில் விழுந்துவிட்டார். கால் எலும்பு முறிந்தது, கணுக்காலும் பிசகியது. அப்போது அவருக்கு வயது 63.

அதன்பின் சுமார் இருபது ஆண்டுகள், 1951 ஜனவரி 18 இல் மரிக்கும்வரை, அவருடைய வாழ்க்கை பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே கழிந்தது. அந்த அறையிலிருந்து அவர் பல புத்தகங்களை எழுதினார், நோயாளிகளைத் தேற்றினார். அதை நாம் நன்றியோடு நினைக்கிறோம். ஆயினும் ஊர் ஊராகச் சுற்றிய ஒருவரை ஒரு குழி இருபது ஆண்டுகள் அறைக்குள் அடைத்துவிட்டது என்பதையும் நாம் மறக்கக் கூடாது. 1948 இல் அவர் மறுபடியும் விழுந்தார். இம்முறை விழுந்தது வெளியிலே அல்ல, தம் அறையிலேயேதான். அதற்குப்பின் அவர் படுக்கையோடு இருந்தார்.

இந்த இரண்டு சம்பவங்களிலும் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. முதலாவது, முதியவர் நடக்கும் இடத்தில் வெளிச்சம் வேண்டும், குழி குண்டு இருக்கக் கூடாது. இரண்டாவது, அறைக்குள் பத்திரமாக இருப்பதால் மட்டும் ஒருவர் விழாமல் இருந்துவிட முடியாது. வீழ்ச்சிகளால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் மரிக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அப்படி மரிப்பவர்களில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம்.

"சும்மா இரும்மா" என்னும் அன்பு

நம் வீடுகளில் முதியோர்மேல் அன்பு குறைவில்லை. ஆச்சி எழுந்தால், "நீ உட்காரு, நான் எடுத்துத் தாறேன்" என்கிறோம். தாத்தா வாசல் இறங்கினால், "கீழே விழுந்திராதீங்க, உள்ளே வாங்க" என்கிறோம். ஒரு தடவை கால் இடறிவிட்டால் பிறகு கடைக்கு அனுப்புவதில்லை, மச்சுப்படி ஏற விடுவதில்லை. சொல்வதெல்லாம் அன்பினால்தான். ஆனால் அந்த அன்பின் பலன் என்ன என்று பாருங்கள். உட்கார்ந்தே இருப்பதால் தொடைத் தசை மெலிகிறது. தசை மெலிந்தால் எழும்போது கால் நடுங்குகிறது. கால் நடுங்கினால் பயம் வருகிறது. பயத்தினால் இன்னும் அதிகமாக உட்காருகிறார்கள். கடைசியில் எந்த வீழ்ச்சிக்குப் பயந்தோமோ அதுவே வந்துவிடுகிறது.

இது வெறும் அபிப்பிராயம் அல்ல. 2007 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆரோக்கியமாக இருந்த முதியோர் சிலரை 10 நாட்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். அந்தப் பத்து நாட்களுக்குள் அவர்கள் கால்களில் மட்டும் சராசரியாக ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்துவிட்டது. ஒரு காய்ச்சலுக்காக நம் வீட்டுப் பெரியவர் பத்து நாள் படுத்துவிட்டு எழுந்தால் ஏன் தள்ளாடுகிறார் என்பது இதிலிருந்து விளங்கும்.

இழந்த பலத்தைத் திரும்பப் பெற முடியுமா? முடியும். 1990 இல் அமெரிக்காவின் போஸ்டன் நகரில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் 10 பேரைத் தெரிந்தெடுத்தார்கள். அவர்களின் சராசரி வயது 90. கால்களால் எடையை உயர்த்தும் பயிற்சியை மருத்துவர்களின் கண்காணிப்பில் 8 வாரம் கொடுத்தார்கள். பயிற்சியை முடித்த 9 பேருடைய கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. அதாவது முன்பிருந்ததைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல் ஆயிற்று. தொண்ணூறு வயதில் இது கூடுமானால் அறுபத்தைந்திலும் எழுபதிலும் "இனி என்ன இருக்கிறது" என்று சொல்வதற்கு இடமில்லை.

நியூஸிலாந்தில் 80 வயதைக் கடந்த பெண்களுக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய கால் பலப் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் கற்றுக் கொடுத்தார்கள். ஒட்டாகோ பயிற்சி முறை என்று அதற்குப் பெயர். 1997 இல் வெளியான முடிவின்படி, பயிற்சி செய்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே விழுந்தார்கள். பின்பு பல நாடுகளில் செய்யப்பட்ட 108 ஆய்வுகளை 2019 இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, உடற்பயிற்சி முதியோரின் வீழ்ச்சிகளை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைக்கிறது என்று கண்டார்கள்.

வேலை செய்வது பயிற்சி ஆகாதா?

"நாங்கள் வாழ்நாள் முழுவதும் உழைத்தவர்கள். எங்களுக்குத் தனியாகப் பயிற்சி எதற்கு?" என்று கிராமத்துச் சபைகளில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தாமிரபரணிப் பாசன வயலில் நாற்று நட்டவர்களும், தேரிக்காட்டில் பனையேறியவர்களும் தங்கள் காலத்தில் எந்தப் பயிற்சியாளரும் கொடுக்க முடியாத பயிற்சியைச் செய்திருக்கிறார்கள். ஆனால் தசைக்கு அஞ்சலகச் சேமிப்பைப்போல நெடுங்காலக் கணக்கு கிடையாது. நாற்பது வயதில் உழைத்தது எழுபது வயதின் கால்களைத் தாங்குவதில்லை. இந்த வாரம் செய்வதுதான் இந்த வாரத்துக்குக் கூட வரும்.

மேலும், எல்லா உழைப்பும் ஒன்றல்ல. முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் பக்கங்களில் பீடி சுற்றும் பெண்கள் காலை முதல் மாலை வரை சுளகை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். விரல்கள் ஓய்வதில்லை, கால்களோ அசைவதில்லை. பத்தமடையில் பாய் நெய்பவர்களுக்கும் அப்படியே. மாலையில் உடம்பு களைத்துப் போகிறது. ஆனால் இருதயத்துக்கும் தொடைக்கும் வேலை கிடைத்திருக்காது. லண்டன் மாநகரப் பேருந்துகளைப் பற்றி 1953 இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு ஒன்று இதை விளக்குகிறது. இரண்டு அடுக்குப் பேருந்தில் நாள் முழுவதும் உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களைவிட, மேலும் கீழும் படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. பேருந்து ஒன்றுதான், கால்களுக்குக் கிடைத்த வேலையே வேறு.

எவ்வளவு செய்ய வேண்டும்?

65 வயதுக்கு மேற்பட்டோருக்கு உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட ஆலோசனையை மூன்று வரிகளில் சொல்லலாம்.

ஒன்று: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான வேகத்தில் நடை போன்ற பயிற்சி. தினம் 30 நிமிடமாக வாரத்தில் 5 நாள் நடந்தால் 150 நிமிடம் ஆகிவிடும்.

இரண்டு: வாரத்தில் 2 நாளாவது தசைகளுக்குப் பலம் தரும் பயிற்சி.

மூன்று: வாரத்தில் 3 நாளாவது சமநிலையையும் பலத்தையும் சேர்த்து வளர்க்கும் பயிற்சி.

இவ்வளவும் முடியாதவர்கள் முடிந்த அளவு செய்யலாம். கொஞ்சம் செய்வது ஒன்றும் செய்யாததைவிட நல்லது என்று அதே ஆலோசனை சொல்லுகிறது. ஐந்து நிமிடத்தில் தொடங்குகிறவர் வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டிக்கொண்டு போனால் போதும்.

மிதமான வேகம் என்பதை எப்படி அறிவது? நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும்; ஆனால் ஒரு கீர்த்தனையை முழுவதும் பாட முடியக் கூடாது. தாராளமாகப் பாட முடிந்தால் இன்னும் கொஞ்சம் எட்டிப் போடலாம். பேச்சே வராமல் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். இந்தச் சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை.

தொடங்குமுன் கவனிக்க வேண்டியவை

இருதய நோய், ரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய், பக்கவாதம், சமீபத்தில் அறுவை சிகிச்சை, கடந்த ஓராண்டில் ஒரு தடவையாவது விழுந்தது ஆகியவற்றில் ஏதேனும் உங்களுக்கு உண்டானால், முதலில் உங்கள் மருத்துவரைக் கண்டு பேசுங்கள். பயிற்சி கூடாது என்று சொல்வதற்காக அல்ல. எங்கிருந்து தொடங்கலாம் என்று தீர்மானிப்பதற்காகவே. பி.பி. 180/110-க்கு மேல் இருக்கும் நாளில் பயிற்சியை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

இன்சுலின் போடுகிறவர்களும், சர்க்கரை அளவைத் தாழ்த்தும் சில மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களும் வெறும் வயிற்றில் நீண்ட நடை போகக் கூடாது. சுகர் 100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்ட பின்பே புறப்படுங்கள். சட்டைப் பையிலோ முந்தானையிலோ சர்க்கரையோ மிட்டாயோ கொஞ்சம் இருக்கட்டும். கை நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி வந்தால் உடனே வாயில் போட வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. குதிகாலைப் பிடிக்கும் வார் வைத்த செருப்போ கான்வாஸ் ஷூவோ நல்லது. வீடு திரும்பியதும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்தாவது பார்க்க வேண்டும்.

தூக்க மாத்திரையும், ரத்தக் கொதிப்புக்கான சில மாத்திரைகளும் எழும்போது கிறுகிறுப்பை உண்டாக்கலாம். படுக்கையிலிருந்து சட்டென்று எழாதீர்கள். கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பாதங்களை மேலும் கீழும் பத்துத் தடவை அசைத்து, பிறகு எழுங்கள். கிறுகிறுப்பு தொடர்ந்தால் மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய நான்கு பயிற்சிகள்

இவற்றுக்கு ஒரு நாற்காலியும் ஒரு ஜன்னலும் போதும். முதல் சில நாட்கள் வீட்டார் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். தொடங்குமுன் ஐந்து நிமிடம் தார்சாவில் மெதுவாக நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். மூச்சை அடக்காதீர்கள்; வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாக ஓடும்.

முதற் பயிற்சி, நாற்காலியிலிருந்து எழுதல். கைப்பிடியுள்ள கனமான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். வழுக்கும் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். பாதங்களைச் சற்று அகற்றித் தரையில் ஊன்றி, நெஞ்சை முன்னே சாய்த்து எழுந்து நில்லுங்கள். பிறகு மெதுவாக, மூன்று எண்ணும் நேரத்தில் உட்காருங்கள். பொத்தென்று விழுந்து உட்காருவதில் பயன் இல்லை. மெதுவாக இறங்குவதில்தான் தொடை பலப்படுகிறது. முதலில் கையை ஊன்றி 5 தடவை. பழகிய பின் கை ஊன்றாமல் 10 தடவை. இதுவே ஒரு சோதனையும் ஆகும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை தடவை எழ முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். 70 முதல் 74 வயதுள்ள ஆண்கள் 12-க்கும், பெண்கள் 10-க்கும் குறைவாக எழுந்தால் அவர்களுக்கு விழும் அபாயம் அதிகம் என்று மருத்துவர்கள் கொள்கிறார்கள்.

இரண்டாம் பயிற்சி, குதிகால் உயர்த்துதல். ஜன்னல் கம்பியை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, முன்பாதத்தில் எழும்பி, மெதுவாக இறங்குங்கள். 10 தடவை. படி ஏறவும் எட்டி நடக்கவும் கெண்டைக்கால் தசை பலமாக இருக்க வேண்டும்.

மூன்றாம் பயிற்சி, காலைப் பக்கவாட்டில் தூக்குதல். அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை நேராக வெளிப்பக்கம் சற்றுத் தூக்கி இறக்குங்கள். உடம்பு சாயக் கூடாது. ஒவ்வொரு காலுக்கும் 10 தடவை. நடக்கும்போது இடுப்பு ஆடாமல் தாங்குவது இந்தத் தசைதான்.

நான்காம் பயிற்சி, சமநிலையாய் நிற்றல். அறையின் மூலையில் சுவருக்கு முதுகு காட்டி நின்று, முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தாங்கல் இருக்கும். முதலில் இரு பாதங்களையும் சேர்த்து 10 விநாடி. அடுத்து ஒரு பாதத்தை மற்றதற்குப் பாதியளவு முன்னே வைத்து 10 விநாடி. அதற்கடுத்து ஒரு குதிகாலின் முன்னே மற்றக் கால்விரல் இருக்கும்படி ஒரே கோட்டில் 10 விநாடி. கடைசியாக ஒற்றைக் காலில். ஒரு நிலை சுலபமான பின்பே அடுத்ததற்குப் போங்கள். ஒரே கோட்டில் 10 விநாடி நிற்க முடியாதவர்களுக்கு விழும் அபாயம் அதிகம். அவர்கள் இந்தப் பயிற்சியை எவ்விதத்திலும் விடக் கூடாது. ஒருவர் துணையோடு செய்ய வேண்டும்.

நான்கையும் செய்ய கால் மணி நேரம் ஆகும். ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யலாம்.

முட்டு தேய்ந்துவிட்டதென்று சொன்னார்களே?

இது நாங்கள் தினமும் கேட்கும் கேள்வி. "எக்ஸ்ரேயில் முட்டு தேய்ந்திருக்கிறது என்றார்கள். நடந்தால் இன்னும் தேயாதா?" என்கிறார்கள். முழங்கால் மூட்டு மாட்டு வண்டியின் அச்சைப்போல ஓட ஓடத் தேய்ந்துகொண்டே போகிற பொருள் அல்ல. அளவான அசைவினால்தான் மூட்டின் குருத்தெலும்புக்குச் சத்து போய்ச் சேருகிறது. சுற்றியுள்ள தொடைத் தசை பலப்பட்டால் மூட்டின்மேல் விழும் பாரம் குறைகிறது. ஆகவே முழங்கால் தேய்மானத்துக்கு முதலாவது சொல்லப்படும் சிகிச்சைகளில் உடற்பயிற்சியும் ஒன்று.

வலியைப் பற்றி ஒரு சுலபமான அளவு உண்டு. பயிற்சியின்போது சற்று வலித்து, மறுநாளைக்குள் பழைய நிலைக்கு வந்தால் பயமில்லை. மறுநாளும் வலி கூடியிருந்தாலோ, முட்டு வீங்கிச் சூடாக இருந்தாலோ அளவைக் குறைத்து மருத்துவரைக் காணுங்கள். எலும்பு பலமிழக்கும் ஆஸ்டியோபோரோசிஸ் உள்ளவர்கள் குனிந்து கால்விரலைத் தொடும் பயிற்சியையும் முதுகை வெடுக்கென்று திருப்பும் பயிற்சியையும் தவிர்க்க வேண்டும். இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் தரையில் சம்மணமிடுவதற்கு முன் தங்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

தரையிலிருந்து எழக் கற்றுக்கொள்ளுங்கள்

விழுந்தவருக்கு எலும்பு முறியாவிட்டாலும், எழ முடியாமல் தரையில் மணிக்கணக்காய்க் கிடப்பது பெரிய ஆபத்து. பிள்ளைகள் சென்னையிலோ வளைகுடாவிலோ இருக்க, இங்கே தனியாக வாழும் பெற்றோர் எத்தனை பேர் என்பது நம் சபைகளுக்குத் தெரியும். ஆகவே எழும் முறையைச் சுகமாக இருக்கும்போதே ஒருவர் துணையோடு பழகுங்கள். மல்லாந்து கிடந்தால் முதலில் ஒருக்களித்துப் புரளுங்கள். முழங்கையை ஊன்றி, பிறகு இரு கையும் இரு முட்டும் ஊன்றி, குழந்தை தவழ்வதைப்போல நாற்காலி அல்லது கட்டில்வரை செல்லுங்கள். அதன்மேல் இரு கைகளையும் வைத்து, பலமான காலை முன்னே ஊன்றி எழுந்து, திரும்பி உட்காருங்கள். இடுப்பிலோ காலிலோ கடுமையான வலி இருந்தால் எழ முயலாமல் சத்தமிட்டு உதவி கேட்க வேண்டும்.

ஆலயத்தில் முழங்காற்படியிட்டு எழுவதும், வீட்டில் தரையில் அமர்ந்து குடும்ப ஜெபம் செய்து எழுவதும் நம்மை அறியாமலே இந்தத் தசைகளைக் காத்து வந்தன. முட்டு இடம் கொடுக்கிறவர்கள் அதை அவசரப்பட்டு விட்டுவிட வேண்டாம். முடியாதவர்கள் நாற்காலியில் அமருவதைப் பற்றி வெட்கப்படவும் வேண்டாம்.

எங்கே, எப்போது நடப்பது?

நடை நம் நாட்டுக்குப் புதியதல்ல. இடையன்குடியில் ஊழியம் செய்த கால்டுவெல் ஐயர் 1841 இல் சென்னையிலிருந்து நம் சீமைக்குக் கால்நடையாகவே வந்து சேர்ந்தார். அவ்வளவு தூரம் உங்களைக் கேட்கவில்லை! தமிழக அரசு 2023 நவம்பரில் "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்தைத் தொடங்கியபோது மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையைக் குறித்தது. முதியவர் ஒருவருக்கு அந்த 8 கிலோமீட்டரும் முதலில் வேண்டியதில்லை. வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை போய்வருவது முதல் வாரத்துக்குப் போதும்.

நம் ஊர் வெயிலை நீங்கள் அறிவீர்கள். சித்திரை, வைகாசியில் காலை 7 மணிக்குள் நடந்து முடித்துவிடுங்கள், அல்லது வெயில் தாழ்ந்த பின் நடங்கள். ஆனால் இருட்டும்வரை தாமதிக்க வேண்டாம். களக்காட்டுச் சம்பவம் மங்கின வெளிச்சத்தில்தான் நடந்தது. புறப்படுமுன் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். ஆனி, ஆடிக் காற்றில் புழுதி கண்ணில் விழும். கண்புரை உள்ளவர்கள் அந்நாட்களில் ஆலய வளாகத்துக்குள்ளேயே நடப்பது நலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெரு வழுக்கும். அப்போது தார்சாவிலேயே பத்துப் பத்து நிமிடமாக மூன்று தடவை நடக்கலாம்.

தாமிரபரணிக் கரையில் இருப்பவர்களுக்கு ஆற்றுக் குளியல் ஓர் ஆசீர்வாதம். இடுப்பளவு நீரில் மெதுவாக நடப்பது முட்டுக்குப் பாரமில்லாத பயிற்சி. ஆனால் பாசி பிடித்த படித்துறையும் ஈரக் கல்லும் முதியோருக்குப் பொல்லாதவை. பிடிக்கக் கம்பி இல்லாத துறையில் தனியாக இறங்காதீர்கள். அணை திறந்து நீர்வரத்து கூடும் நாட்களில் போகவே வேண்டாம்.

கால் பலம் எதற்கு உதவும் என்பதை 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நாம் கண்டோம். பெருமழையில் ஆறு கரைபுரண்டு நெல்லைச் சந்திப்புப் பகுதியிலும் ஆற்றோர ஊர்களிலும் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. அப்படிப்பட்ட இரவில் மச்சுப்படியைத் தாமே ஏறக்கூடிய ஒருவருக்கும், நாலுபேர் தூக்க வேண்டிய ஒருவருக்கும் உள்ள வித்தியாசம் கொஞ்சமல்ல.

உடனே நிறுத்த வேண்டிய அடையாளங்கள்

பயிற்சியின்போது நெஞ்சில் வலி, இறுக்கம் அல்லது பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, பேச முடியாத மூச்சுத்திணறல், கண் இருட்டுதல், குளிர்ந்த வியர்வை, தாறுமாறான படபடப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்தி உட்காருங்கள். "வாயுப் பிடிப்பாக இருக்கும்" என்று சோடா குடித்துக்கொண்டு நேரத்தைக் கடத்தாதீர்கள். 108 ஐ அழையுங்கள். முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை விழுந்துபோதல், பேச்சு குழறுதல் பக்கவாதத்தின் அடையாளங்கள்; அதிலும் ஒவ்வொரு நிமிடமும் விலையேறப்பெற்றது.

படுக்கையில் விழுந்துவிட்டவர்களுக்கு

இவற்றையெல்லாம் வாசிக்கும்போது, "எங்கள் அம்மாவுக்கு ஏற்கெனவே இடுப்பெலும்பு முறிந்துவிட்டதே" என்று நினைப்பவர்கள் இருப்பீர்கள். அவர்களுக்கும் பயிற்சி உண்டு. இன்று இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை செய்தவரை, உடல்நிலை இடம் கொடுத்தால், மறுநாளே எழுப்பி நிற்க வைக்கப் பார்க்கிறார்கள். "எலும்பு கூடும்வரை அசையாமல் கிடக்கட்டும்" என்று உறவினர் நினைப்பதுண்டு. அப்படிக் கிடக்கும் நாட்களில் படுக்கைப் புண்ணும், நெஞ்சுச் சளியும், காலில் ரத்தக்கட்டியும் வரலாம். மருத்துவர் அசையச் சொன்னால் மனமிரங்கித் தடுக்காதீர்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை அளிப்பதும் சேர்க்கப்பட்டது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைப் பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலும் ஆலயத்திலும் செய்ய வேண்டியவை

வீட்டில்: அங்கணக்குழியைச் சுற்றி ஈரம் நிற்க விடாதீர்கள். குளியலறையிலும் கக்கூசிலும் சுவரில் கைப்பிடிக் கம்பி பதியுங்கள். துண்டு போடும் கம்பி ஆள் பாரத்தைத் தாங்காது. கட்டிலிலிருந்து கக்கூசு வரை இரவில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். மடங்கும் மிதியடியை எடுத்துவிடுங்கள். வாசற்படியின் ஓரத்தில் வெள்ளைப் பெயிண்ட் அடித்தால் மங்கின கண்ணுக்கும் படி தெரியும். ஆண்டுக்கு ஒருமுறை கண்ணைச் சோதியுங்கள். தசை வளர முட்டை, மீன், பருப்பு, தயிர் வேண்டும். "வயசாயிட்டு, கஞ்சி போதும்" என்று பெரியவர்களின் தட்டைச் சுருக்கிவிடாதீர்கள்.

ஆலயத்தில்: படிகளுக்கு இருபக்கமும் கைப்பிடி இருக்கிறதா என்று இந்த ஞாயிற்றுக்கிழமையே பாருங்கள். அசன விழாவில் தரைப்பந்தியோடு சில நாற்காலிகளும் மேசையும் போடுங்கள். பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் முதல் பத்து நிமிடம் மேலே சொன்ன நான்கு பயிற்சிகளைச் சேர்ந்து செய்யலாம். தனியே செய்பவர் மூன்றாம் வாரம் விட்டுவிடுவார்; நாலுபேரோடு செய்பவர் விடமாட்டார்.

சேர்ந்து சிந்திக்கச் சில கேள்விகள்

1. நம் சபையில் கடந்த ஓராண்டில் விழுந்து எலும்பு முறிந்தவர்கள் யார் யார்? எங்கே விழுந்தார்கள்? அந்த இடம் இன்னும் அப்படியேதான் இருக்கிறதா?

2. நம் வீட்டுப் பெரியவர் தாமே செய்யக்கூடிய எந்த வேலையை நாம் அன்பினால் பறித்திருக்கிறோம்?

3. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து உங்களால் எழ முடிகிறதா? கேள்வியை வாசித்தவுடன் எழுந்து பாருங்கள்.

4. தனியாக வாழும் முதியவர் ஒருவரோடு வாரம் ஒருமுறை நடக்க உங்கள் தெருவில் யார் முன்வருவார்?

இந்தத் தாளைக் கத்தரித்து அடுக்களைச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். முதல் நாள் ஐந்து தடவை எழுந்து உட்காருங்கள். தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். எட்டு வாரம் கழிந்து அந்த 30 விநாடிச் சோதனையை மறுபடியும் செய்து, இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.